பழைய காரின் சுக்கான் ஓசை

பழைய மோட்டார்க் கார் ஒன்று விடியற்காலையில் வீட்டு முற்றத்திலிருந்து வீதிக்குத் திரும்புகிறது. சுக்கான் சுழலச் சுழல முன்புறத்திலிருந்து ஒரு முனகல் எழுகின்றது. இயந்திரத்தின் வேகம் கூடினால் முனகலும் கூடுகிறது. சுக்கானை நேரே விட்டால் ஓரளவு தணிகிறது. சொந்தக்காரர் சில நாட்கள் பொறுத்துப் பார்க்கிறார். பின்னர் காரைத் திருத்துமிடத்துக்குக் கொண்டுசெல்கிறார். "பம்பி பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும்" என்ற தீர்ப்புக் கிடைக்கிறது. பெருஞ் செலவிற் பம்பி மாற்றப்படுகிறது. ஒரு கிழமை கழிய, அதே முனகல் மீண்டும் எழுகிறது.

இவ்வனுபவம் உலகில் எங்கெங்கு பழைய கார்கள் ஓடுகின்றனவோ அங்கெல்லாம் உள்ளது. இதற்குக் காரணம் திருத்துவோரின் திறமைக் குறைவு மட்டுமன்று. "பவர் ஸ்ரியரிங்" எனச் சாரதிகள் வழங்கும் வலுச்சுக்கான் எவ்வாறு தோன்றியது, அதனை ஆக்கியவர் எந்த இடர்ப்பாட்டை எவ்வாறு கடந்தார் என்பதை அறியாமையும் ஒரு காரணமாகும். அவ்வரலாற்றை அறிந்தவருக்கு அம்முனகல் வெறும் இரைச்சலன்று. எண்ணெய் செல்லும் வழியில் எவ்விடத்திலே தடை நேர்ந்தது என்பதைக் கூறும் செய்தியாகும்.

சுக்கான் என்னும் சொல் கடலிலிருந்து கரையேறிய சொல். கப்பலின் திசையைத் திருப்பும் பலகைக்கு அரபு மாலுமிகள் வழங்கிய பெயரைத் தமிழ்க் கடலோடிகளும் எடுத்தாண்டனர். மோட்டார் வண்டி வந்த காலத்திற் சாரதியின் கையிலுள்ள வளையத்துக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. பெயர் வந்த வழியிலேயே பிறிதொன்றும் வந்தது. சுக்கானைத் திருப்பும் மனிதனின் கைக்கு இயந்திரம் துணை நிற்றல் வேண்டும் என்னும் எண்ணமும் கப்பலிலேயே முதலில் உருப்பெற்றது.

1858ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நீரில் இறக்கப்பட்ட 'கிரேட் ஈஸ்ரேண்' என்னும் கப்பல் ஏறக்குறைய 692 அடி நீளமுடையது. அக்காலத்தில் அதற்கிணையான கப்பல் உலகில் வேறெங்கும் இருக்கவில்லை. அப்பேருருவைக் கைவலிமையாலே திருப்புவதற்குப் பலர் ஒருங்கே நின்று உழைக்க நேர்ந்தது. 1860களில் யோன் மக்ஃபார்லேன் கிறே என்னும் பொறியியலாளர் நீராவியாற் சுக்கானைத் திருப்பும் பொறியொன்றை ஆக்கினார்; அது அக்கப்பலிற் பொருத்தப்பட்டது.

நீராவியைக் கொண்டு சுக்கானைத் தள்ளுவது பெரிய காரியமன்று. தள்ளியதை எங்கே நிறுத்துவது என்பதே வினா. மாலுமி சக்கரத்தைச் சிறிது திருப்பினாற் சுக்கானும் அவ்வளவே திரும்புதல் வேண்டும். அவன் நிறுத்தியதும் அதுவும் நிற்றல் வேண்டும். கிறே ஆக்கிய பொறியில், சுக்கான் உரிய இடத்தை அடைந்ததும் அதன் அசைவே நீராவி வாயிலை மூடிவிடும். ஏவுவது மனிதன் கை, உழைப்பது நீராவி, எல்லையை அறிவிப்பது சுக்கான். பின்னாளில் மோட்டார்க் காருக்கு வந்த வலுச்சுக்கானும் இந்நெறியையே பின்பற்றியது.

ஆரம்பகால மோட்டார்க் கார்கள் பாரங் குறைந்தவை, ரயர்கள் ஒடுங்கியவை. அவற்றைத் திருப்புவதற்குப் பெருவலிமை வேண்டியதில்லை. 1920களில் நிலைமை மாறியது. கார்கள் பாரமாயின. 1923 அளவில், குறைந்த காற்றமுக்கமுள்ள பருத்த ரயர்கள் சந்தைக்கு வந்தன. அவை பயணத்தை மென்மையாக்கின. ஆனால் வீதியில் அகலமாகப் படிந்தமையாற் சில்லுகளைத் திருப்புவது கடினமாயிற்று. கார் அமைப்போர் சுக்கான் வளையத்தைப் பெரிதாக்கினர். பற்சில்லுகளின் விகிதத்தையும் மாற்றினர். பாரம் ஓரளவு குறைந்தது. எனினும் ஒரு திருப்பத்துக்குச் சாரதி பல முறை வளையத்தைச் சுற்ற வேண்டியதாயிற்று. லொறிச் சாரதிகளின் துன்பமோ இன்னும் பெரிது. சில்லு ஒரு கல்லில் மோதினால் அவ்வதிர்ச்சி சுக்கான் வளையத்துக்குத் தாவி மணிக்கட்டை முறுக்கிவிடும்.

இத்துன்பத்தை அருகிலிருந்து கண்டவர் பிரான்சிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். 1887ஆம் ஆண்டு பிறந்த இவர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். நியூ யோர்க் மாநிலத்துப் பஃபலோ நகரில், பியேர்ஸ்-அரோ மோட்டார்க் கம்பனியின் லொறிப் பிரிவிலே தலைமைப் பொறியியலாளராக விளங்கினார். அப்பதவியை 1922இல் துறந்து, மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வோல்தம் நகரிற் சிறிய வேலைத்தளமொன்றை வாடகைக்கு எடுத்தார். அவருக்குத் துணை நின்றவர் ஜோர்ஜ் ஜெசப் என்னும் கைதேர்ந்த கருவித் தொழிலாளி. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, எவரும் கேளாத ஒரு பொருளை ஆக்குவதற்கு இருவர் ஒரு சிறு கூடத்திற் புகுந்தனர்.

எண்ணெயின் அமுக்கத்தாற் பாரங்களை அசைக்கும் பொறிகள் அன்றைக்கு முன்னரே தொழிற்சாலைகளில் இருந்தன. அவற்றில் வால்வு மூடியே இருக்கும். பம்பியானது எண்ணெயை ஒரு கலத்துள் உயர்ந்த அமுக்கத்திலே தேக்கி வைக்கும். வேலை வேண்டியபோது வால்வைத் திறந்து அவ்வமுக்கத்தைப் பயன்படுத்துவர். தொழிற்சாலையில் இஃது ஒத்துவரும். அதிர்ந்து அதிர்ந்து ஓடும் காரில் ஒத்துவராது. எந்நேரமும் உயர்ந்த அமுக்கத்தில் நிற்கும் எண்ணெய், கிடைத்த இடுக்குகளிலெல்லாம் கசியும். அக்காலத்து அடைப்பு வளையங்கள் அதனைத் தாங்கும் ஆற்றல் உடையவை அல்ல.

டேவிஸ் இம்முறையைத் தலைகீழாக மாற்றினார். வால்வு மூடியிராமல் நடுநிலையிலே திறந்திருக்கட்டும் என்பது அவருடைய முடிவு. இயந்திரம் ஓடும்வரை பம்பியும் ஓடும்; எண்ணெய் தடையின்றிப் பம்பியிலிருந்து வால்வுக்கும், வால்விலிருந்து எண்ணெய்க் கலத்துக்கும், மீண்டும் பம்பிக்குமாக ஓடிக்கொண்டேயிருக்கும். கார் நேரே செல்லும்போது அவ்வோட்டத்திற் பெரிய அமுக்கம் எதுவுமில்லை. சாரதி சுக்கானைத் திருப்பும் கணத்தில் மட்டும் வால்வு ஒரு பக்கம் ஒடுங்கும், ஓட்டம் தடைப்படும், அங்கே அமுக்கம் எழும், அவ்வமுக்கம் ஆடுதண்டைத் தள்ளிச் சில்லுகளைத் திருப்பும்.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் நீர் பாய்ச்சுவதைப் பார்த்தோருக்கு இது புதிதன்று. வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டேயிருக்கும். தோட்டக்காரன் மண்வெட்டியால் ஓரிடத்தை மறித்துவிட்டால், ஓடிய நீர் உயர்ந்து பக்கத்துப் பாத்திக்குள் நுழையும். மறிப்பை எடுத்தால் நீர் பழைய வழியே செல்லும். முன்னைய பொறிகள் குளத்தில் நீரைத் தேக்கி மதகைத் திறப்பதை ஒத்தன. டேவிஸ் ஆக்கியதோ ஓடும் வாய்க்காலை மறித்துத் திருப்பும் முறை. கட்டு ஓயாது பெருநீரைத் தாங்கி நிற்க வேண்டியதில்லை. ஆதலாற் கசிவும் பெரும்பாலும் ஒழிந்தது.

இவ்வமைப்பைப் பொருத்திய பியேர்ஸ்-அரோ காரை 1926இல் டேவிஸ் டெற்றோயிற் நகருக்குக் கொண்டுசென்று காட்டினார். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் அவரோடு உடன்படிக்கை செய்தது. அந்நிறுவனத்தின் பொறியியலாளரோடு சேர்ந்து சில ஆண்டுகள் அவர் உழைத்தார். கடிலாக் கார்களில் அதனைப் பொருத்தத் திட்டமும் வகுக்கப்பட்டது. ஆனால் 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருவீழ்ச்சி குறுக்கே நின்றது. விலையுயர்ந்த கார்களை வாங்குவோர் அருகினர். சில ஆயிரம் கார்களுக்காக அச்சுகளையும் கருவிகளையும் புதிதாகச் செய்வது இலாபந் தராது எனக் கண்ட நிறுவனம் 1934இல் அத்திட்டத்தைக் கைவிட்டது.

டேவிஸ் சோர்ந்து அமரவில்லை. 1936இல் பெண்டிக்ஸ் கம்பனியோடு உடன்படிக்கை செய்தார். அங்கும் பெருந்தொகையான விற்பனை உடனே கிட்டவில்லை. இரண்டாம் உலக மகாயுத்தமே அவ்வமைப்புக்கு வழி திறந்தது. கவசம் பூண்ட போர் வண்டிகள் மிகுந்த பாரமுடையவை. அவற்றைக் கைவலிமையால் நெடுநேரம் செலுத்துதல் அரிது. பிரித்தானியப் படைக்கென அமெரிக்காவில் ஆக்கப்பட்ட கவச வண்டிகளில் டேவிசின் அமைப்புப் பொருத்தப்பட்டது. யுத்தம் முடிந்த 1945ஆம் ஆண்டளவில் 10,000க்கு மேற்பட்ட வண்டிகள் அதனைக் கொண்டிருந்தன. பாலைவனத்திலும் சேற்றிலும் அது தேறியது.

யுத்தத்துக்குப் பின்னர் அமெரிக்கக் கார்கள் இன்னும் பெருத்தன. 1951இல் கிறைஸ்லர் நிறுவனம் 'இம்பீரியல்' என்னும் காரில் 'ஹைட்ரகைட்' என்ற பெயரோடு வலுச்சுக்கானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொதுமக்கள் வாங்கும் காரில் அது பெருமளவில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. இங்கே வரலாற்றின் ஒரு கசப்பு உண்டு. அமெரிக்காவில் அக்காலத்தே ஆக்கவுரிமைப் பத்திரத்துக்கு 17 ஆண்டே ஆயுள். டேவிசின் தொடக்கப் பத்திரங்கள் சில அதற்குள் காலாவதியாகிவிட்டன. கிறைஸ்லர் அவற்றிலிருந்த கருத்துகளைக் கட்டணமின்றிப் பயன்படுத்த முடிந்தது. 1926இல் வீதியிலே ஓட்டிக் காட்டியதை உலகம் ஏற்றுக்கொள்ள 25 ஆண்டுகள் சென்றன. அக்காத்திருப்பின் விலையை ஆக்கியவரே செலுத்தினார்.

ஆயினும் கதை அத்துடன் முடிவுறவில்லை. போட்டியாளரின் வெற்றியைக் கண்ட ஜெனரல் மோட்டோர்ஸ் மீண்டும் டேவிசின் அமைப்பை நாடியது. 1952ஆம் ஆண்டுக் கடிலாக், பியூயிக், ஓல்ட்ஸ்மொபீல் கார்களிலே வலுச்சுக்கான் வந்தது. ஐரோப்பாவில் 1955இல் வெளிவந்த சித்திரோயன் டி.எஸ். காரும், 1958இல் வெளிவந்த ஜாகுவார் மார்க் ஒன்பது காரும் அதனைக் கொண்டிருந்தன. 1978இல் டேவிஸ் காலமானபோது, அவர் கண்ட நெறி உலகெங்கும் கோடிக்கணக்கான கார்களுக்குட் புகுந்திருந்தது.

இலங்கையின் வீதிகளில் இது பரவியது சற்றுப் பிந்தியே. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் ஏ40 போன்ற பிரித்தானியக் கார்களில் வலுச்சுக்கான் இல்லை. அவற்றைத் திருப்பியது சாரதியின் தோள்வலிமையே. பின்னாளில் வந்திறங்கிய யப்பானிய வான்களும் கார்களுமே வலுச்சுக்கானை இங்கு பலருக்கும் பழக்கின. அவ்வாறு வந்தவற்றுள் இன்று முதுமை அடைந்தவையே இப்பொழுது முனகுகின்றன.

இனி, அம்முனகலைப் பகுத்தறியும் முறைக்கு வரலாம். டேவிஸ் வகுத்த நெறியை நினைவிற் கொண்டால் இம்முறை தானாகவே புலப்படும். இயந்திரம் ஓடும்வரை எண்ணெய் ஓடுகிறது. நேரே செல்லும்போது அமுக்கங் குறைவு. திருப்பும்போது மட்டும் அமுக்கம் உயர்வு. ஆகவே ஓசை எந்நேரத்தில் எழுகிறது என்பதே முதல் வினா. காரைச் சமதரையில் நிறுத்தி, கைத்தடையை இழுத்துவிட்டு, இயந்திரத்தை மெல்ல ஓடவிட வேண்டும். சுக்கானைத் தொடாமல் ஒருமுறை, மெதுவாகத் திருப்பி ஒருமுறை, கடைக்கோடிவரை திருப்பி ஒருமுறை என மூன்று தரம் செவிமடுத்தல் வேண்டும்.

சுக்கானைத் திருப்பும் கணத்தில் மட்டும் கீச்சென்று கூர்மையாக எழுந்து உடனே மறையும் ஓசை, பெரும்பாலும் பம்பியின் ஓசையன்று. அது பம்பியைச் சுழற்றும் இறப்பர்ப் பட்டியின் ஓசை. எண்ணெயின் அமுக்கம் உயர்ந்ததும் பம்பியைச் சுழற்றுதல் கடினமாகிறது. தளர்ந்த பட்டி கப்பியின்மேல் வழுக்குகிறது. பட்டியின் உட்புறம் கண்ணாடிபோற் பளபளத்தாலும், வெடிப்புக் கண்டிருந்தாலும், எண்ணெய் தோய்ந்திருந்தாலும் அதனை மாற்றுவதே முறை. அதன்மேற் சிறிது நீர் தெளிக்கும்போது கீச்சொலி கணநேரம் மாறினால் ஐயம் உறுதியாகும். ஓடும் பட்டியின் அருகே கையையோ தளர்ந்த உடையையோ கொண்டுசெல்லலாகாது.

இயந்திரத்தின் வேகத்தோடு ஏறியிறங்கி, திருப்பும்போது மேலும் உரத்து ஒலிக்கும் முனகலே மிகுதியாகக் கேட்கப்படுவது. இதற்கு முதற்காரணம் எண்ணெய்க் குறைவு. அல்லது எண்ணெயிற் காற்றுக் கலத்தல். கிணற்றில் நீரிறைக்கும் பம்பியைப் பார்த்தவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். நீர்மட்டம் இறங்கி உறிஞ்சு குழாயின் வாய் வெளியே தெரியுமானால், அல்லது குழாயின் மூட்டு வழியே காற்றுப் புகுமானால், பம்பியின் குரலே மாறிவிடும். நீர் விட்டுவிட்டு வரும். பம்பி இரைந்து அதிரும். காரின் பம்பிக்கும் அதுவே நேர்கிறது.

அக்காலக் கார்களிற் பெரும்பாலானவற்றின் பம்பி தகட்டுப் பம்பியாகும். நடுவே சுழலும் உருளையிற் பிளவுகள் உண்டு. ஒவ்வொரு பிளவிலும் ஒரு மெல்லிய தகடு வழுக்கி வெளிவந்து, சூழ்ந்துள்ள வளையத்தின் உட்சுவரை உரசிச் செல்லும். இரு தகடுகளுக்கிடையே அகப்பட்ட எண்ணெய் நெருக்கப்பட்டு வெளித்தள்ளப்படும். எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றுக் குமிழ்கள் அங்கே அகப்பட்டால் அவை அமுக்கத்தால் நொறுங்கும். அந்நொறுங்கலே முனகலாகக் கேட்கிறது. எண்ணெய் பம்பிக்குட் புகத் தடை ஏற்படின், காற்றுப் புகாதபோதும் இத்தகைய வெற்றுக் குமிழ்கள் எண்ணெயிலேயே தோன்றி உடையும். நாளடைவில் அவை உலோகத்தையும் அரித்துவிடும். ஆகவே முனகும் பம்பி இன்னும் கெட்டுவிடவில்லை, ஆனாற் கெட்டுக்கொண்டிருக்கிறது. காலந்தாழ்த்துவோர் ஈற்றில் உண்மையாகவே பம்பியை மாற்ற நேரும்.

எனவே முதலிற் செய்யவேண்டியது எண்ணெய்க் கலத்தின் மூடியைத் திறந்து பார்ப்பது. மட்டம் குறைந்துள்ளதா? எண்ணெய் தெளிவாக உள்ளதா? நுரைத்துப் பால்போல் வெளுத்திருந்தாற் காற்றுக் கலந்துள்ளது. கறுத்துக் கருகிய மணம் வீசினால் எண்ணெய் வெந்துவிட்டது. உலோகத் துகள் மின்னினால் உள்ளே தேய்மானம் தொடங்கிவிட்டது. மட்டம் குறைந்திருந்தால் எண்ணெய் ஊற்றுவது மட்டும் போதாது. எண்ணெய் தானாகக் குறைவதில்லை, எங்கோ கசிகிறது. கசிவின் வாயைக் கண்டு அடைப்பதே பரிகாரம். சூடான புகைக் குழாயின்மேற் சொட்டும் எண்ணெய் தீப்பற்றவும் கூடும் என்பதை மறத்தலாகாது.

மட்டம் சரியாயிருந்தும் நுரை காணப்படின், கலத்திலிருந்து பம்பிக்குச் செல்லும் குழாயை ஆராய்தல் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். அக்குழாயில் எண்ணெய் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. ஆகையால் அங்கே வெடிப்போ தளர்ந்த பிணைப்போ இருந்தால் எண்ணெய் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே புகும். வெளியே ஈரம் இல்லை என்பதாற் குழாய் நலமென்று எண்ணிவிடுகின்றனர். ஆண்டுகள் பல சென்ற இறப்பர்க் குழாய் வெளியே நன்றாகத் தோன்றினும் உள்ளே படலம் உரிந்து வழியை அடைத்திருத்தலும் உண்டு. சில கார்களில் எண்ணெய்க் கலத்துள் ஒரு வடிகட்டி உள்ளது; அது அழுக்கால் மூடுண்டால் பம்பி எண்ணெய்க்குத் தவித்து முனகும். குளிர்ந்த காலையில் மட்டும் கேட்டு, சிறிது தூரம் ஓடியபின் மறையும் முனகல் இத்தகைய அடைப்பையே பெரும்பாலும் சுட்டும். ஏனெனிற் குளிர்ந்த எண்ணெய் தடித்தது, ஒடுங்கிய வழியில் எளிதிற் செல்லாது.

மேலே கூறிய காரில், புதிய பம்பி பூட்டியபின்னும் முனகல் திரும்பியதன் காரணம் இப்போது தெளிவாகும். பம்பி மாறியது, உறிஞ்சு குழாயும் அடைபட்ட வடிகட்டியும் மாறவில்லை. பழைய பம்பியைக் கெடுத்த அதே குறை புதிய பம்பியையும் கெடுக்கத் தொடங்கிவிட்டது.

குறையைத் திருத்தியபின் உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. காரின் முன்புறத்தை உயர்த்தி உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்த வேண்டும். இயந்திரத்தை ஓடவிடாமலே சுக்கானை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகப் பல முறை திருப்புதல் வேண்டும். எண்ணெய் மட்டம் இறங்க இறங்க ஊற்றி வர வேண்டும். குமிழ்கள் வருவது நின்றபின்னரே இயந்திரத்தை இயக்கலாம். அவசரப்பட்டு உடனே இயக்கினால் பம்பியே காற்றையும் எண்ணெயையும் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்துவிட்டால் நிறுத்திவைத்து, அது அடங்கும்வரை பொறுத்தலே வழி.

எந்த எண்ணெயை ஊற்றுவது என்பதும் சிறு காரியமன்று. பல அமெரிக்கக் கார்கள் தன்னியக்கப் பற்சில்லுப் பெட்டிக்குரிய செந்நிற எண்ணெயையே சுக்கானுக்கும் ஏற்றன. வேறு சில, தமக்கெனத் தனி எண்ணெயை வேண்டுவன. சித்திரோயன் டி.எஸ். காரின் வரலாறு இதற்கு நல்லதோர் எச்சரிக்கை. அக்காரின் அமைப்பில் முதலிற் பயன்பட்ட நீர்மம் காற்றின் ஈரத்தை ஈர்த்து உட்பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்தது. அதனால் 1960களின் நடுப்பகுதியிற் பச்சை நிறக் கனிய எண்ணெய் புகுத்தப்பட்டது. இரண்டுக்கும் வேண்டிய அடைப்பு வளையங்கள் வேறு வேறு. ஒன்றுக்குரிய அமைப்பில் மற்றதை ஊற்றினால் வளையங்கள் கெட்டு அமைப்பு முழுவதும் பாழாகும். ஆகவே கார் அமைத்தோரின் கைந்நூல் கூறுவதையே கைக்கொள்ளல் வேண்டும்.

சுக்கானைத் தொடாதபோதும் ஓயாது கேட்கும் கரகரத்த உறுமல், பம்பியின் தாங்கி தேய்ந்துவிட்டதைக் காட்டக்கூடும். ஆனால் அதே பட்டியோ அதன் அயற்பட்டியோ சுழற்றும் நீர்ப்பம்பியும் மின்பிறப்பாக்கியும் இவ்வாறே உறுமும். நீண்ட திருப்புளி ஒன்றின் நுனியைப் பம்பியின் உடலில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்கும் பழைய முறை இங்கே பயன்படும். ஒவ்வொன்றையும் அவ்வாறு கேட்டால் எது உறுமுகிறது என்பது தெரியவரும். பட்டியைக் கழற்றிச் சில கணங்கள் மட்டும் இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்ப்பதும் உண்டு. ஓசை நின்றால் அது அப்பட்டி சுழற்றியவற்றுள் ஒன்றுக்குரியது.

எல்லா ஓசையும் நோயன்று என்பதையும் கூறுதல் வேண்டும். நின்ற காரிற் சுக்கானைத் திருப்பும்போது மெல்லச் சீறும் ஒலி, ஒடுங்கிய வால்வின் வழியே எண்ணெய் விரைவதால் எழுவது, பெரும்பாலும் இயல்பானதே. கடைக்கோடிவரை திருப்பிப் பிடிக்கும்போது எழும் உரத்த சீறல், அமுக்கம் எல்லை கடவாதபடி காக்கும் வால்வு திறப்பதைக் குறிக்கும். அவ்வேளையில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 1,000 இறாத்தலையும் கடந்திருத்தல் கூடும். எண்ணெய் விரைவிற் கொதிப்படையும். சில செக்கன்களுக்கு மேல் அவ்வாறு பிடித்திருத்தல் நன்றன்று. இன்னும், மேடுபள்ளத்தில் டொக்கென்று தட்டும் ஒலி எண்ணெயின் குரலன்று. சுக்கானையும் சில்லையும் இணைக்கும் மூட்டுகள் தளர்ந்ததன் அறிகுறி. அது முனகலைவிடச் சிறிதாகக் கேட்டாலும் அதனினும் ஆபத்தானது. மூட்டுக் கழன்றாற் காரைத் திருப்ப வழியில்லை.

டேவிசின் அமைப்புக்கு ஒரு குறையும் உண்டு. வாய்க்கால் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டுமாதலால், சுக்கானைத் திருப்பாத வேளையிலும் பம்பி இயந்திரத்தின் வலுவிற் சிறிதை உண்டுகொண்டே இருக்கும். எரிபொருள் விலையேறிய காலத்தில் அச்சிறு செலவும் கணக்கிடப்பட்டது. 1988இல் யப்பானின் சுசுக்கி நிறுவனம் 'சேர்வோ' என்னும் சிறிய காரில், மின்மோட்டாரினால் உதவும் சுக்கானைப் புகுத்தியது. அதற்கு எண்ணெயில்லை, பட்டியில்லை, குழாயில்லை. திருப்பும்போது மட்டும் அது வலுவை எடுக்கும். இன்று ஆக்கப்படும் புதிய கார்களிற் பெரும்பாலானவை இம்முறையையே கொண்டுள்ளன.

ஆகவே எண்ணெய் முனகும் கார்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. அம்முனகலைக் கேட்டுப் பொருளறியும் செவிகளும் குறைந்து வருகின்றன. ஆயினும் பழைய காரையே நம்பி வாழ்வை நடத்தும் குடும்பங்கள் பல உள்ளன. அவற்றுக்கு ஒரு பம்பியின் விலை சிறு தொகையன்று. வோல்தம் நகரின் சிறு கூடத்தில் டேவிஸ் கண்டது எண்ணெய் தடையின்றி ஓட வேண்டும் என்பதே. எண்ணெயின் மட்டம், பட்டி, உறிஞ்சு குழாய், வடிகட்டி என்னும் நான்கையும் முறையே பார்த்து முடித்தபின்னரே பம்பியின்மேற் குற்றஞ் சாட்டுதல் தகும்.